டார்க்கைன்: காயம் பொறுக்காத காடு

டாஸ்மேனியாவின் வடமேற்கில், பைமன் ஆற்றங்கரையில் இருக்கிறது கொரின்னா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தங்கம் தேடி வந்தவர்களால் உருவான அவ்வூரில் இன்று எஞ்சியிருப்பவை சில மரவீடுகளும், வண்டிகளை அக்கரை சேர்க்கும் ‘ஃபேட்மேன்’ என்ற மிதவையும்தான். ஆஸ்திரேலியாவின் மிகப்பெரிய மிதவெப்ப மண்டல மழைக்காடான டார்க்கைனுக்குள் நான் நுழைந்தது அங்கிருந்துதான்.

வைட் ஆற்றை ஒட்டிய பாதையில் என்னை முதலில் தடுத்து நிறுத்தியது ஒரு மிர்ட்டில் மரம். அடிமரத்தில் கைவைத்தால் விரல்கள் பாதி பாசிக்குள் புதைகின்றன. அத்தனை பெரிய மரத்தின் இலையோ சுண்டுவிரல் நகமளவுதான். தென் அமெரிக்காவிலும் நியூசிலாந்திலும் உறவுமரங்களைக் கொண்ட இது, அந்நிலங்கள் கோண்டுவானா என்ற ஒரே கண்டமாக இணைந்திருந்த காலத்து வம்சம்.

மறுநாள் சாலையோரத்தில் கண்டது வேறு காட்சி. சில மிர்ட்டில்களின் உச்சியில் இலைகள் காய்ந்து பழுப்பாகி, உதிராமல் தொங்கின. ஒன்றின் அடியில் மாவு சலித்ததுபோல் மரத்தூள் குவிந்திருந்தது. மிர்ட்டில் வாடல் எனப்படும் பூஞ்சை நோய் மரத்தின் காயங்கள் வழியாக உள்ளே புகுகிறது. நோயுற்ற மரத்தைத் துளைக்கும் வண்டுகள் வெளித்தள்ளும் தூளிலும் அப்பூஞ்சை கலந்திருக்கும். நோய் இயற்கையானதுதான், ஆனால் சாலை போடும்போது சிராய்க்கும் ஒவ்வொரு பட்டையும் அதற்கு ஒரு வாசல். தீயையும் இம்மரம் தாங்காது: பட்டை மெல்லியது, விதையோ தாய்மரத்தை விட்டு வெகுதூரம் போவதில்லை.

மாலையில் ஆற்றில் செல்ல ஏறிய ‘ஆர்க்கேடியா 2’, 1939-இல் ஹியூவான் பைன் மரத்தால் கட்டப்பட்ட படகு. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே தடிக்கும் அம்மரத்தின் எண்ணெய்தான் அதை உளுக்காமல் காக்கிறதாம். இந்த வேகத்தில் வளர்வதை வெட்டிவிட்டு ‘மறுநடவு’ என்று பேசுவது எனக்கு வேடிக்கையாகவே பட்டது.

கடற்கரையில், பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு குவித்த சிப்பி மேடுகள் உள்ளன. ஆஸ்திரேலியப் பாரம்பரிய மன்றம் டார்க்கைனில் சுமார் 4,33,000 ஹெக்டேரைத் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப் பரிந்துரைத்தது. 2013-இல் அரசு சேர்த்ததோ இம்மேடுகள் அமைந்த, சுமார் 21,000 ஹெக்டேர் கடற்கரைப் பட்டை மட்டுமே. நான் நடந்த ஆற்றங்கரை மாநிலக் காப்பகம் என்பதால் தப்பியது. அதற்கு அப்பால், மரம் வெட்டவும் சுரங்கம் தோண்டவும் அனுமதி கிடைக்கக்கூடிய பகுதிகளிலும் நிற்பவை இதே மிர்ட்டில்கள்தான்.