பர்மிய மொழி பழகிய கைகள்

ரங்கூனில் நம் பள்ளியின் பர்மிய மொழி வகுப்பில் முதலில் கற்றுக்கொண்டது நிற்கும் முறை. சயாமா, அதாவது ஆசிரியை, உள்ளே வந்ததும் எழுந்து, இரு கைகளையும் மார்பின்மேல் கட்டிக்கொண்டு, 'மிங்கலாபா சயாமா' என்று ஒரே குரலில் வணங்குவோம். நோட்டை நீட்டும்போது வலக்கையால் கொடுத்து, இடக்கை விரல்களால் வலது முழங்கையைத் தொட்டுக்கொள்ள வேண்டும். பெரியவர்கள் அமர்ந்திருக்கும் இடத்தைக் குனிந்தபடிதான் கடக்க வேண்டும். கைகட்டி நிற்பது தமிழ்ப் பிள்ளைகளுக்குப் புதிதன்று என்பதால் விரைவில் பழகிவிட்டது.

வாக்கிய அமைப்பும் சிரமம் தரவில்லை. தமிழைப் போலவே அங்கும் வினை கடைசியில் வரும். கடினமாக இருந்தது குரல்தான். தமிழில் ஒரு சொல்லைக் கோபமாகவோ கெஞ்சலாகவோ எப்படி ஏற்றி இறக்கிச் சொன்னாலும் அது அதே சொல்தான். பர்மிய மொழியில் நீட்டிச் சொன்னால் ஒரு சொல், தொண்டையை இறுக்கிச் சுருக்கினால் வேறொரு சொல். ஆகவே நாம் குரலால் காட்டும் கனிவையும் வற்புறுத்தலையும் பெரும்பாலும் வாக்கிய இறுதியில் வரும் சிற்றசைகளே சுமக்கின்றன. பணிவைக் காட்ட ஆண்பிள்ளை 'கம்யா' என்றும் பெண்பிள்ளை 'ஷின்' என்றும் முடிப்பார்கள். 1965இல் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பின் எல்லாப் பாடங்களும் அம்மொழியிலேயே நடந்ததால், வீட்டில் தமிழ் பேசும்போதும் எங்கள் குரல் தணிந்தே வந்தது. "தொண்டைக்குள்ளேயே முனகாதே, வாயைத் திறந்து பேசுடி" என்று பாட்டி அதட்டுவார். அவருடைய வருத்தம் நியாயமானதுதான். ஆனால் பிறர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கும் பழக்கத்தை எனக்குத் தந்தது அந்தத் தணிந்த குரல்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

சென்னைக்கு வந்த புதிதில் கடைக்காரரிடம் பணம் நீட்டினால், "கை வலிக்குதாம்மா?" என்று கேட்பார். என் இடக்கை முழங்கையைப் பிடித்திருப்பதை அப்போதுதான் உணர்வேன். மிகச் சிறு வயதில் கப்பலேறிய என் தம்பிக்குப் பர்மியச் சொற்கள் அநேகமாக மறந்துவிட்டன. ஆயினும் கோயிலில் தட்டை நீட்டும்போது அவன் கையும் அப்படியே செல்கிறது.

பர்மாவிலிருந்து வந்த நம்மவர்களின் சங்கக் கூட்டங்களில் நாம் பர்மிய மொழிக்கு மாறியதும் தோள்கள் ஒடுங்கி, கைகள் மடிக்கு இறங்குவதையும், தமிழுக்குத் திரும்பியதும் அவை வீசத் தொடங்குவதையும் பலமுறை பார்த்திருக்கிறேன். நம் தலைமுறைக்குப் பின் இதைக் காண இயலாது. ஆதலால் அடுத்த கூட்டத்தில் நம் உரையாடல்களைக் காணொளியாகப் பதிவுசெய்யுமாறு சங்கப் பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்; மேடைப் பேச்சுகளைவிடச் சாப்பாட்டு மேசைப் பேச்சைப் பதிவுசெய்வதே பயன் தரும்.