தேக்காவில் பெய்த மழை

சிங்கப்பூரின் மரினா அணைக்கட்டின் புல்வேய்ந்த கூரையில் பட்டம் விடுவோரின் நூல்களுக்கு அடியில் குனிந்து நடந்து, பிறகு கீழே இறங்கிப் பாலத்தின் நடுவில் சற்று நேரம் நிற்பது என் ஞாயிற்றுக்கிழமை வழக்கம். ஒரு பக்கம் கடல் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்க, மறுபக்கம் நீர்த்தேக்கம் அசையாமல் கிடக்கும். இரண்டையும் பிரித்து நிற்பவை ஒன்பது எஃகு மதகுகள்.

சிறுவயதில், ஜாலான் புசார் பக்கம் பெருமழை பெய்தால் கடைக்காரர்கள் அரிசி மூட்டைகளைப் பலகைமேல் ஏற்றத் தொடங்கிவிடுவார்கள். தாழ்வான அப்பகுதிகளில் மழையும் கடலின் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்துவிட்டால், கால்வாய் நீர் போக வழியின்றித் தெருவில் ஏறும். 2008-இல் திறக்கப்பட்ட இந்த அணை அந்தச் சிக்கலைத்தான் கையாளுகிறது. கடல் வற்றியிருக்கும்போது மதகுகளைத் தாழ்த்தினாலே மிகுநீர் தானாக வழிந்து கடலில் சேரும். கடல் உயர்ந்திருந்தால் மதகுகளைத் திறப்பதில் பயனில்லை என்பதால், தலா நொடிக்கு 40 கன மீட்டர் நீரை வெளியேற்றக்கூடிய ஏழு ராட்சத பம்புகள் அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும். ஒலிம்பிக் நீச்சல் குளம் ஒன்றைக் காலிசெய்ய ஒரு பம்புக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் போதும் என்பதை நானே கணக்குப் போட்டுப் பார்த்து வியந்திருக்கிறேன்.

இந்தத் தேக்கம் குடிநீருக்கான நீர்த்தேக்கமான கதை இதைவிடப் பொறுமையானது. படகுகளின் எண்ணெயும் குப்பையும் மிதந்த சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் ஆற்றையும் தூய்மைப்படுத்தவே 1977 முதல் பத்தாண்டுகள் பிடித்தன. அது முடியாமல் முகத்துவாரத்தை அடைத்திருந்தால் சாக்கடையைத்தான் தேக்கியிருப்போம். அணை எழுந்த பிறகும் உள்ளே இருந்தது உப்புநீரே. மழை பெய்யப் பெய்ய அது சிறிது சிறிதாக வெளியேற்றப்பட்டு, 2010-இல்தான் நன்னீர்த் தேக்கமானது. தீவின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு இதன் நீர்ப்பிடிப்புப் பகுதி என்பதால், நகரின் நடுவே உள்ள கால்வாய்கள் பலவும் இங்கே வந்து சேர்கின்றன.

நீர்மட்டம் நிலையாக இருப்பதால் ஆண்டு முழுவதும் டிராகன் படகுகளும் கயாக்குகளும் ஓடுகின்றன. எனக்குத் துடுப்புப் போடத் தெரியாது. வேடிக்கை பார்ப்பதோடு சரி.

லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவில் பெய்யும் மழை ரோச்சோர் கால்வாய் வழியாக இங்கே வருகிறது. சென்ற வாரம் பாலத்தின் கீழே ஒரு காலித் தேநீர்க் குவளை மிதந்தது. அதில் அச்சிட்டிருந்தது, நான் நாள்தோறும் தேநீர் வாங்கும் கடையின் பெயர்.