ஆஸ்திரேலியாவின் நல்லார்பார் சமவெளியைத் தாண்டிவிட்டோம்!

ஓய்வு பெற்றபின் வாங்கிய கேரவனை இழுத்துக்கொண்டு அடிலெய்டிலிருந்து பெர்த்துக்குப் போகிறோம். ஜூலை பள்ளி விடுமுறை, பேரப்பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

ஹெட் ஆஃப் பைட் கடற்கரையில் தாயும் குட்டியுமாகத் திமிங்கிலங்கள். இவர் ஒரு மணி நேரம் வாயே திறக்கவில்லை (அதிசயம்தான்).

மேற்கு ஆஸ்திரேலிய எல்லையில் பழம், காய், தேன் எதையும் விடமாட்டார்கள். முந்தின இரவே மிச்சக் காயெல்லாம் சாம்பாராகிவிட்டது. கறிவேப்பிலையைத்தான் மறந்துவிட்டேன், அங்கேயே குப்பைத்தொட்டியில் போட்டேன். வீட்டுச் செடியில் பறித்தது, மனசு கேட்கவில்லை.

அப்புறம் 146.6 கிலோமீட்டர், ஒரு வளைவுகூட இல்லாத சாலை. இவருக்குத் தூக்கம் வராமலிருக்க நான் பேசிக்கொண்டே வந்தேன்.

இன்றிரவு நார்ஸ்மன் ஊரில் தங்கல். பேத்தி போனில் கேட்டது ஒன்றுதான்: "பாட்டி, முறுக்கையும் பிடுங்கிட்டாங்களா?"

இல்லடா கண்ணு, பத்திரமா இருக்கு.