கழுவாமல் விட்ட கிளை

விலங்குக் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சுத்தம் என்றால் ஒன்று விடாமல் கழுவுவது என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் தேவாங்குக் கூண்டில் கிளை, பலகை, தூங்கும் பெட்டி எல்லாவற்றையும் கிருமிநாசினி போட்டுத் தேய்த்துவிட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் தீனி பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது.

அன்று இரவு மங்கலான சிவப்பு விளக்கில் உட்கார்ந்து கவனித்தேன். ஆண் தேவாங்கு ஒரு பக்கத்துக் கையையும் காலையும் தூக்கி, கையில் சிறுநீரை விட்டு, அதைப் பாதத்தில் தேய்த்தது. அப்புறம் அடுத்த பக்கம். ஈரக் கையால் கிளையைப் பற்றி நாலு எட்டு நகர்ந்து, மறுபடி அதே வேலை. நான் அழித்ததையெல்லாம் இரவு முழுக்க அது திரும்பப் பூசிக்கொண்டிருந்தது. பார்க்கவே சங்கடமாக இருந்தது.

“ஒரு கிளையையாவது விட்டு வை தம்பி. தன் இடம்னு அதுக்குத் தெரிய வேற என்ன இருக்கு?” என்றார் மூத்த பராமரிப்பாளர். அன்றிலிருந்து ஒரு நாள் ஒரு பாதி, இன்னொரு நாள் மறு பாதி என்றுதான் கழுவுகிறேன்.

பிறகு வரிவால் லெமூர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை வந்தது. மடகாஸ்கர் தீவின் விலங்கு. ஆணுக்கு மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சுரப்பி, தோளருகே இன்னொன்று. மணிக்கட்டு வாசனை சீக்கிரம் காற்றில் போய்விடும். தோள் சுரப்பில் பசை அதிகம். மணிக்கட்டைத் தோளில் ஒற்றி எடுத்துக் கிளையில் தேய்த்தால் வாசனை நாள்பட நிற்கும். எதிரி வந்தால் வாலை இரு மணிக்கட்டுகளுக்கு நடுவே இழுத்துத் தடவி, தலைக்கு மேல் வளைத்து அவனை நோக்கி ஆட்டும். நான் பார்த்த சண்டைகளில் பாதி, ஒரு கடிகூட விழாமல் இப்படியே முடிந்தன.

இப்படி விட்டுச்செல்லும் வாசனைகளை உணரவென்றே லெமூருக்கு மூக்கினுள் தனி உறுப்பு உண்டு. நமக்கு அது செயல்படுவதில்லை. அதற்காக நாம் மோப்பத்தை விட்டுவிட்டதாகச் சொல்ல முடியாது. 2015-ல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் ஆட்களை ரகசியமாகப் படம் பிடித்தார்கள். தன் பாலினத்தவரிடம் கைகுலுக்கியவர்கள், குலுக்கிய கையை மூக்கருகே கொண்டுபோவது கூடியது. ஆனால் மனித ஃபெரோமோன் (ஓர் உயிர் வெளிவிட்டு, தன் இனத்து இன்னோர் உயிரின் நடத்தையை மாற்றும் பொருள்) என்று வாசனைத் திரவியம் விற்கிறார்களே, அதை நம்பாதீர்கள். அப்படியொரு பொருள் மனிதரிடம் இருப்பதாக இதுவரை நிரூபணமாகவில்லை. அக்குள் வாசனைகூட வெறும் வியர்வையால் வருவதில்லை. தோலில் வாழும் பாக்டீரியா அதைச் சிதைப்பதால் வருவது.

இதையெல்லாம் நான் மனதால் நம்பியது மருத்துவமனையில்தான். அக்காவுக்குக் குறைமாதத்தில் குழந்தை பிறந்து இன்குபேட்டரில் இருந்தது. அக்கா ஓர் இரவு முழுக்க மார்போடு வைத்திருந்த சின்னத் துணியை நர்ஸ் குழந்தையின் கன்னத்தருகே வைத்தார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சின்ன முகம் துணிப்பக்கம் திரும்பியது, வாய் மெல்ல அசைந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் வேறு துணி மாற்றினார்கள். பழையதைக் கையில் வைத்துக்கொண்டு, “இதைத் துவைச்சு மறுபடி வெச்சுடலாமா?” என்று அக்கா கேட்டாள். நர்ஸ் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்: “துவைச்சா அப்படியே வைக்காதேக்கா. முதல்ல ஒரு ராத்திரி உன்கிட்ட இருக்கட்டும்.”