துருக்கி மொழி, நாலாவது மாதம்: ஃபிரிட்ஜில் மாட்டிக்கொண்ட கதை

வேற்றுமை உருபுகள் எனக்குப் பெரிய பாடாக இல்லை. 'எவ்' என்றால் வீடு. எவி வீட்டை, எவெ வீட்டுக்கு, எவ்தெ வீட்டில், எவ்தென் வீட்டிலிருந்து, எவின் வீட்டின், அவ்வளவுதான். நம்மைப் போலவே பின்னால் ஒட்டிக்கொண்டே போகிற மொழி. இரண்டாம் வேற்றுமைகூட அப்படியே நம் வழக்கம். 'கிதாப் ஒகுதும்' என்றால் புத்தகம் படித்தேன், ஏதோ ஒன்று. 'கிதாபு ஒகுதும்' என்றால் இன்ன புத்தகத்தைப் படித்தேன். (அந்தப் 'பு'வை உதடு குவிக்காமல், 'காது' என்பதன் கடைசி உகரம் மாதிரி சொல்ல வேண்டும். குற்றியலுகரம் நமக்குக் கைவசம் இருப்பதால் இது இலவசம்.)

ஒரு வாரத்தில் முடித்துவிட்டேன் என்று மிதப்பாகத் திரிந்தபோதுதான் உடைமை விகுதிகள் வந்தன. எவிம் என் வீடு, எவின் உன் வீடு, எவி அவர் வீடு. மேலே ஒருமுறை பாருங்கள்: 'வீட்டை'யும் எவி, 'அவர் வீடு'ம் எவி! போதாததற்கு உடையவர், உடைமை என்று இரண்டு சொல்லிலும் விகுதி ஒட்டுகிறார்கள். அம்மா வீடு என்று நாம் சும்மா சொல்லிவிடுவோம். அங்கே 'அன்னெமின் எவி', அதாவது என் அம்மாவின் அவர்-வீடு.

சரி, இதன்மேல் 'இல்' ஏற்றலாம் என்று 'அன்னெமின் எவிதெ' என்று எழுதிக் கொடுத்தேன். சொல்லித்தருகிற அக்கா சிவப்பு மையில் நடுவே ஒரு 'ன்' செருகித் திருப்பித் தந்தார்: எவிந்தெ. மூன்றாம் ஆள் உடைமைக்குப் பிறகு வேற்றுமை வந்தால் இந்த ன் வந்தே தீருமாம். நாம் மரம்+இல் என்று ஒட்டாமல் நடுவில் 'அத்து' போட்டு மரத்தில் என்கிறோமே, அது மாதிரி ஒரு சாரியை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட பிறகுதான் மண்டையில் ஏறியது.

ஆனாலும் ஃபிரிட்ஜ் கவிழ்த்துவிட்டது. வீட்டுப் பொருள்களில் எல்லாம் சீட்டு ஒட்டி வைத்திருக்கிறேன், ஃபிரிட்ஜ் கதவில் 'புஸ்தொலாபு'. முட்டை ஃபிரிட்ஜில் இருக்கிறது என்பதற்கு 'யுமுர்தா புஸ்தொலாபுதா' என்றேன், தப்பு, 'புஸ்தொலாபுந்தா'வாம். இங்கே யாருடைய உடைமை, எதற்கு ன் என்று அரைமணி நேரம் குழம்பிவிட்டு அந்தச் சொல்லையே பிய்த்துப் பார்த்தேன். புஸ் என்றால் ஐஸ், தொலாப் என்றால் அலமாரி. ஐஸ் அலமாரி என்று கூட்டுச்சொல் ஆக்கும்போதே கடைசியில் அந்த 'அதன்' விகுதி ஏறிவிடுகிறது, தினமும் கண்ணெதிரே ஒட்டியிருந்தும் நான்தான் கவனிக்கவில்லை. 'என் ஃபிரிட்ஜ்' என்றால் அந்த விகுதி இறங்கி 'என்'னுக்கு இடம் விடுகிறது: புஸ்தொலாபும்.

இப்போது கதவில் மூன்று சீட்டுகள். அடுத்த வாரம் பஸ். அங்கே அவர்கள் பஸ்ஸில் ஏறுவதில்லை, பஸ்ஸுக்கு ஏறுகிறார்கள்.