மாண்ட்கோமரி: 10 சென்ட் பஸ்ஸும் 25 டாலர் டாக்ஸியும்

ஒன்றரை மைல் தூரத்துக்கு 25 டாலர். நம்ம ஊர்க் காசில் இரண்டாயிரத்துக்கு மேல். அலபாமா தலைநகர் மாண்ட்கோமரியில் நேற்று கால் வைத்ததும் நடந்தது இது. ஏறும்போது 12 என்றவர், இறங்கும்போது பைக்குத் தனி, காத்திருந்ததற்குத் தனி என்று ஏற்றிக்கொண்டே போனார். என்னிடம் இருந்தது முதுகில் மாட்டிய ஒரே பை. வாதாடிப் பார்த்துவிட்டுக் கொடுத்தேன். இனி இந்த ஊரை விட்டுக் கிளம்பும்வரை காசு கொடுத்து எந்த வண்டியிலும் ஏறுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

அட்லாண்டாவில் அக்கா வீட்டில் தங்கியிருக்கிறேன். அங்கிருந்து 160 மைல். "சனிக்கிழமை வரைக்கும் பொறு, கார்லயே கூட்டிட்டுப் போறேன்" என்றார் அத்தான். எனக்குப் பொறுக்கவில்லை, மலிவு டிக்கெட் ஒன்றைப் போட்டேன். பஸ் இரண்டு மணி நேரம் தாமதம், ஏன் என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. உள்ளே கழிப்பறைக் கதவு தாழ்ப்பாள் இல்லாமல் வழி முழுக்க அடித்துக்கொண்டே வந்தது. ஏசி குளிரில் பல் கிட்டியது. அலபாமா நேரம் ஒரு மணி பின்னால் இருப்பதால் இழந்ததில் பாதி திரும்பக் கிடைத்தது, அவ்வளவுதான்.

எப்படிப் போவது, எங்கே தங்குவது, என்ன செலவு என்று வரிசையாக எழுதத்தான் நினைத்திருந்தேன். ஆனால் டாக்ஸி என்னை இறக்கிவிட்ட இடத்தைச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை.

கோர்ட் சதுக்கம். நடுவில் நீரூற்று. ஒரு காலத்தில் இங்கே மனிதர்களை ஏலம் போட்டு விற்றிருக்கிறார்கள். அதன் ஓரத்திலேயே நிற்கிறது ஒரு பழைய கட்டடம். தென் கரோலினாவில் அமெரிக்க அரசுப் படை வசம் இருந்த சம்டர் கோட்டையைத் தாக்கலாம் என்று 1861 ஏப்ரல் 11-ல் தந்தி போனது இதிலிருந்துதான். மறுநாள் அமெரிக்க உள்நாட்டுப் போர் வெடித்தது. அங்கிருந்து சில எட்டில், பஸ்ஸில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்துக் கைதான கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸின் சிலை. 1955 டிசம்பர் 1 மாலை அவர் பஸ் ஏறிய நிறுத்தம் இதுதான். அடிமைச் சந்தை, போர்த் தந்தி, பஸ் நிறுத்தம் மூன்றையும் நின்ற இடத்தில் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். உடம்பு சிலிர்த்துவிட்டது.

வேலை முடிந்து களைத்துப்போன வயதான அம்மா, அதனால்தான் எழுந்திருக்கவில்லை என்று பள்ளியில் படித்தோமே, அது தப்பு. அவருக்கு அப்போது 42 வயது. உடம்புக் களைப்பு இல்லை, விட்டுக்கொடுத்துக் கொடுத்துத்தான் களைத்துப்போனேன் என்று அவரே பின்னால் எழுதினார். அவருக்கு ஒன்பது மாதம் முன்பே, 15 வயது கிளாடெட் கால்வின் என்ற பெண் இதே ஊர் பஸ்ஸில் எழ மறுத்துக் கைதானாள். பஸ்ஸில் இனப் பிரிவினை செல்லாது என்று நீதிமன்றத்தைச் சொல்லவைத்த வழக்கு அவளும் இன்னும் மூன்று பெண்களும் தொடுத்தது. அந்த நால்வருக்கும் சிலை பக்கத்திலேயே கருங்கல் வைத்திருக்கிறார்கள். நான் நின்ற அரை மணி நேரத்தில் எல்லோரும் சிலையோடு படம் எடுத்துக்கொண்டு போனார்கள், கற்களைக் குனிந்து படித்தவர் ஒருவர்கூட இல்லை. மனசு கேட்கவில்லை. போகிறவர்கள் தயவுசெய்து நின்று படியுங்கள்.

அன்று பஸ் கட்டணம் 10 சென்ட். பார்க்ஸ் கைதான இரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை இரண்டு மாணவர்களோடு உட்கார்ந்து, பஸ் ஏறாதீர்கள் என்று பல்லாயிரம் துண்டறிக்கைகளைப் பிரதி எடுக்கும் இயந்திரத்தில் உருட்டி எடுத்தார். திங்கட்கிழமை கறுப்பின மக்கள் பஸ் ஏறவில்லை. 381 நாள் ஏறவில்லை! முதலில் கை கொடுத்தவர்கள் கறுப்பின டாக்ஸி ஓட்டுநர்கள். பஸ்ஸுக்குக் கொடுக்கும் அதே 10 சென்ட்டுக்கு ஆட்களை ஏற்றிப் போனார்கள். குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்ற சட்டத்தைக் காட்டி நகராட்சி அதைத் தடுத்தது. உடனே சொந்தக் கார்களைத் திரட்டினார்கள், சுமார் 300 கார். கார் கிடைக்காதவர்கள் மைல் கணக்கில் நடந்தார்கள். இதைப் படித்தபோது என் 25 டாலர் நெஞ்சில் இன்னும் உறுத்தியது.

மதியச் சாப்பாட்டை மறக்கவே முடியாது. பொரித்த கோழி, கூடவே மூன்று பதார்த்தம், சோள ரொட்டி, 14 டாலர். கோழித் தோல் அப்பளம் மாதிரி நொறுங்கியது. கொலார்ட் கீரையைப் பன்றிக்கறி போட்டுக் குழைய வேகவைத்துக் காரமான வினிகர் தெளித்திருந்தார்கள். அடியில் நின்ற சாற்றில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடச் சொன்னார் பரிமாறிய அம்மா. அட்லாண்டாவில் இதன் இருமடங்கு கொடுத்தும் இந்த ருசி கிடைக்கவில்லை. ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரர் இப்படிக் கோழியும் கேக்கும் செய்து விற்றுத்தான் போராட்டக் கார்களுக்குப் பெட்ரோல் காசு சேர்த்தார். கொடுத்தவர்கள் பெயர் தெரிந்தால் அவர்கள் வேலை போய்விடும். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் "எங்கிருந்தும் இல்லை" என்பதே பதில். பஸ் புறக்கணிப்பு வழக்கில் சாட்சி சொன்னதற்குக் கில்மோரின் வேலையே போனது.

டெக்ஸ்டர் அவென்யூ ஏற்றத்தில் நடந்தால் மார்ட்டின் லூதர் கிங்கின் செங்கல் தேவாலயம், அதைத் தாண்டினால் சட்டமன்றக் கட்டடம். அடிமை முறையைக் காக்க நாட்டிலிருந்து பிரிந்துபோன தென் மாநிலங்களின் தலைவராக ஜெபர்சன் டேவிஸ் 1861-ல் பதவியேற்ற இடத்தில் பித்தளை நட்சத்திரம் பதித்திருக்கிறார்கள். அதே படிகளுக்குக் கீழே 1965 மார்ச் 25 அன்று, கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகச் செல்மா என்ற ஊரிலிருந்து நடந்து வந்தவர்கள் முன் கிங் பேசினார்.

அடிமை முறையின் வரலாற்றைச் சொல்லும் லெகசி அருங்காட்சியகத்துக்கு 5 டாலர்தான். அந்தச் சீட்டிலேயே கும்பல் கொலைக்குப் பலியான கறுப்பின மக்களின் நினைவிடமும் பார்க்கலாம், நடுவில் இலவச வண்டி உண்டு. அருங்காட்சியகத்தில், கும்பல் கூடிக் கொன்ற இடங்களிலிருந்து மண் எடுத்துக் கண்ணாடி ஜாடிகளில் வைத்திருக்கிறார்கள். ஜாடியில் பெயர், ஊர், தேதி. ஒன்றில் செம்மண், பக்கத்தில் கரிசல், அடுத்ததில் வெளுத்த மணல், வேர்த் துணுக்குகூட அப்படியே கிடக்கிறது. சில ஜாடிகளில் பெயர் இல்லை, 'தெரியாதவர்' என்று மட்டும். நினைவிடத்தில் 800-க்கும் மேற்பட்ட இரும்புத் தூண்கள், மாவட்டத்துக்கு ஒன்று. நடக்க நடக்கத் தரை இறங்குகிறது, தூண்கள் தலைக்கு மேல் தொங்க ஆரம்பிக்கின்றன. நாலு டிக்கெட் வாங்கி வேறு எங்கும் சுற்றாதீர்கள், இந்த ஒரு சீட்டுக்கு அரை நாள் ஒதுக்குங்கள்.

செலவு: பஸ் போக வர 58, டாக்ஸி 25, சாப்பாடு 14, சீட்டு 5. மொத்தம் 102 டாலர், அதில் கால்வாசி டாக்ஸிக்கு. சனிக்கிழமை அத்தானோடு செல்மா போகிறோம். அங்கிருந்து மாண்ட்கோமரிக்கு 54 மைல், 1965-ல் அந்த வாக்குரிமைப் பேரணி நடந்து வந்த பாதையிலேயே காரில் வருவதாகத் திட்டம்.