மாறிப்போன சாவி

செத்துப்போன நெட்வொர்க் ஸ்விட்சை (கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி) மாற்றுவது அரை மணி நேர வேலை. பேக்கப் எடுத்து வைத்த கான்ஃபிகை (பெட்டியின் அமைப்புகள்) ஏற்று, கேபிளைச் செருகு, ஆச்சு. பல வருடம் அப்படித்தான் செய்துவந்தேன்.

அந்த பேக்கப்பில் வராத ஒன்று உண்டு: எஸ்எஸ்எச் ஹோஸ்ட் கீ, அதாவது தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழையும்போது அந்தப் பெட்டி தன்னை அடையாளம் காட்டும் சாவி. சிஸ்கோ ஸ்விட்சுகளின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸில், அந்தச் சாவியின் ரகசியப் பாதியான ஆர்எஸ்ஏ பிரைவேட் கீ, நடப்பு அமைப்பைக் காட்டும் ரன்னிங் கான்ஃபிகில் தெரியாது. புதுப் பெட்டிக்குப் புதுசாகத்தான் உருவாக்க வேண்டும். ஐபி அதே, பெயர் அதே, சாவி மட்டும் வேறு. லேப்டாப்பிலிருந்து நுழையப் போனால், ஹோஸ்டின் அடையாளம் மாறிவிட்டது என்று திரை கத்தும். தெரிந்த பெட்டிகளின் சாவிகளைக் குறித்து வைக்கும் நோன் ஹோஸ்ட்ஸ் கோப்பில் பழைய வரியை அழித்துவிட்டு, புதுச் சாவியை ஏற்க 'எஸ்' (ஆம்) அடிப்போம். யோசிக்காமலே கை போகும்.

ஒருநாள், மூன்று வாரத்துக்கு முன் மாற்றிய ஸ்விட்சுக்கு அதே எச்சரிக்கை வந்தது. புதுச் சாவியை அன்றைக்கே ஏற்றாயிற்றே, திரும்ப ஏன் மாறும்? அந்தக் கேள்வி எனக்கு அப்போது வரவில்லை. வரியை அழித்தேன், பாஸ்வேர்டைக் கொடுத்தேன், ஒரு விலானை (நெட்வொர்க்குக்குள் ஒரு தனிப் பிரிவு) சேர்த்தேன். வேலை செய்யவில்லை. டிரங்கை (ஸ்விட்சுகளுக்கு நடுவே விலான்களைச் சுமக்கும் இணைப்பு) கொஞ்ச நேரம் திட்டிவிட்டு இன்டர்ஃபேஸ் ஸ்டேட்டஸ் பார்த்தால், ஒரு போர்ட்டைத் தவிர எல்லாம் டவுன். சீரியல் நம்பர் பழைய பெட்டியுடையது! பவர் சப்ளை மாற்றிச் சோதிக்கலாம் என்று டெஸ்ட் பெஞ்சில் அதே ஐபியோடு செருகியிருந்தார்கள். செருகியவனும் நான்தான்.

அங்கே இருந்தது என் பெட்டி என்பதால் பிழைத்தேன். வேறொருவர் வைத்த பொறியாக இருந்தால், பாஸ்வேர்டை நானே கையில் கொடுத்திருப்பேன்.

இப்போது ரேக்கில் ஏற்றும் முன்பே, பெட்டியில் நேரடியாகச் செருகும் கன்சோல் கேபிள் வழியாகச் சாவியை உருவாக்கிவிடுகிறேன். ஹோஸ்ட்நேமும் டொமைன் பெயரும் முதலில் வைக்க வேண்டும். மாடுலஸ் (சாவியின் நீளம்) கேட்கும்போது வெறும் என்டர் தட்டக் கூடாது. பழைய ஐஓஎஸ்களில் 512 பிட்தான் கிடைக்கும், எஸ்எஸ்எச் பதிப்பு 2-க்கு 768-ஆவது வேண்டும். நான் 2048-க்குக் கீழே இறங்குவதில்லை. பிறகு 'ஷோ ஐபி எஸ்எஸ்எச்' காட்டும் பப்ளிக் கீயை (சாவியின் வெளியே காட்டக்கூடிய பாதி) அப்படியே எடுத்து, டீம் முழுக்கப் பயன்படுத்தும் நோன் ஹோஸ்ட்ஸ் கோப்பில் சேர்க்கிறேன். இதற்கு ஐந்து நிமிடம். அதன்பின் எச்சரிக்கை வந்தால், யாரும் 'எஸ்' அடிக்காமல் என்னைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

தொலைவிலிருந்தபடி பழைய சாவியை 'ஜீரோயைஸ்' செய்து அழிப்பதையும் விட்டுவிட்டேன். ஆர்எஸ்ஏ சாவி போனால் எஸ்எஸ்எச் சேவையும் நின்றுவிடும். இருக்கும் செஷன் அறுந்தால் கன்சோலைத் தேடி ஓட வேண்டியதுதான்.

ஒரு தொல்லை மட்டும் இன்னும் தீரவில்லை. எஸ்எஸ்எச் வழியாக நுழையப் பயன்படும் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச்சின் 2021-இல் வந்த 8.8 பதிப்பு, ஷா-1 என்ற பழைய கணக்கால் கையொப்பம் போடும் ஆர்எஸ்ஏ முறையை இயல்பாகவே மறுக்கிறது. வேறு முறை தெரியாத கிழட்டு ஸ்விட்சுகள் என்னிடம் நான்கு இருக்கின்றன. எல்லா ஹோஸ்டுக்கும் சேர்த்து இந்தத் தடையைத் தளர்த்திவிடு என்று நண்பர் சொன்னார். அந்த நான்கு ஐபிக்கு மட்டும் பழைய முறையை அனுமதிக்கும் வரியைத் தனித்தனியாக எழுதி, பக்கத்தில் தேதியும் போட்டு வைத்திருக்கிறேன்.